தரையிலிருந்து பதினாறு அங்குலம்

சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில், ஈரோடு பெருந்துறை ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டின் ஹாலில், பாவாயம்மா என்கிற எழுபது வயதுக்காரர் அங்கே இல்லாத ஒரு சோபாவில் உட்கார்ந்தார். தரையிலிருந்து பதினாறு அங்குலம் மேலே, காற்றில், முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, "அம்மிணி, அந்தக் காப்பிய இங்கயே கொண்டா" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். மருமகள் கோகிலவாணி காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள், மாமியாருக்கு அடியில் கிடந்த ஒரு வெங்காயத் தோலை விளக்குமாற்றால் தள்ளி எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நான் கையில் சாக்பீஸோடு தரையில் மண்டியிட்டபடி, "கோட்டை அழிச்சுராதீங்கம்மா, இன்னும் டிவி யூனிட் வரையோணும்" என்றேன். அதற்கு மேல் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்வது என் தொழில். தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு டாக்டர் வீட்டுக்கு நான் செய்து கொடுத்த கட்டில், போட்ட பிறகு பீரோக் கதவை முழுதாகத் திறக்க விடவில்லை. அந்தக் குடும்பம் ஆறு வருடம் கட்டிலின் மேல் ஏறி நின்று பாதித் திறந்த கதவுக்குள் கையை விட்டுத் துணி எடுத்தது. அந்த வெட்கத்தில்தான், எந்த வீடானாலும் மரம் அறுப்பதற்கு முன்னால் கட்டில், சோபா, கப்போர்டு எல்லாவற்றையும் உள்ளபடியே அளவெடுத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்துவிடுவது என்றும், வீட்டார் ஒரு முழு நாள் அந்தக் கோடுகளுக்கு நடுவே வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கோட்டைத் தாண்டக் கூடாது. கட்டிலைச் சுற்றித்தான் போக வேண்டும், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். இடித்தால் சொல்ல வேண்டும், அழித்து வேறு மாதிரி வரைவேன். முப்பது வருடமாக இப்படி ஈரோட்டுத் தரைகளில் மண்டியிட்டு நகர்ந்ததில் என் முட்டிகள் இரண்டும் என்னைவிட வயதாகிவிட்டன.

மறுநாள் ப்ளைவுட்டோடு வேன் வந்தது. வேனிலிருந்து அர்த்தநாரி இறங்கினான். இருபத்திரண்டு வருடமாக என்னோடு மர வேலை செய்கிறவன். காதில் பென்சில், சட்டைப் பையில் டேப், பார்க்கிற எல்லோரிடமும் ஒரு நக்கல். பாவாயம்மா சோபாவிலிருந்து எழாமலே, "மரம் எதுக்குங் தம்பி? இதே சௌகரியமா இருக்குது. மரம்னா கரையான் வரும், மூட்டைப்பூச்சி வரும்" என்றார்.

அர்த்தநாரி அவரைப் பார்த்தான், அவருக்கு அடியில் தெரிந்த டைல்ஸைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "ஏனுங்க, அம்மா உக்காந்துக்கிட்டிருக்கறது நம்ம வேலைங்களா, உங்க வேலைங்களா?" என்றான். வேன் திரும்பிப் போனது.

அந்த வாரமே பக்கத்து வீட்டார் கூப்பிட்டார்கள், பிறகு அந்தத் தெரு, பிறகு சூரம்பட்டி, திண்டல், வீரப்பன்சத்திரம் என்று ஊர் முழுக்கக் கூப்பிட்டது. வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம் கூப்பிட்டார்கள், ஏனென்றால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற வீட்டு ஓனரின் சட்டம் தரையில் கோடு கிழிப்பதைத் தடுக்கவில்லை. வீடு மாற்றும்போது டெம்போ பிடிக்க வேண்டியதில்லை, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புது வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டால் போதும். விருந்தாளிகள் வந்தால் "வாங்க, செருப்பக் கழட்டுங்க" என்பதோடு "கோட்ட மிதிச்சுராதீங்க" என்பதும் உபசாரத்தில் சேர்ந்துகொண்டது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கோடுள்ள வீட்டைத் துடைப்பது கோலம் போட்ட வாசலைப் பெருக்குவது போல என்று சொல்லி, அதற்கு முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். வெள்ளைக் கோட்டில் உட்காருவது வெறுந்தரையில் உட்காருவது போல இருக்கிறது என்று ஒரு வீட்டில் ஊதா சாக்பீஸ் கேட்டார்கள்; ஊதாவில் வரைந்தேன்; உட்கார்ந்து பார்த்து, மெத்தென்று இருப்பதாகச் சொன்னார்கள்.

இது சாக்பீஸின் குணமாக இருக்கும் என்று முதலில் நினைத்து, நான் வாங்கும் கடையில் எல்லா டப்பாக்களையும் வாங்கித் தீர்த்தார்கள். கோலத்தில் பேர் வாங்கிய பெண்கள் வரைந்தார்கள், இன்ஜினியர் ஒருவர் ஸ்கேல் வைத்து வரைந்தார். அவர்கள் வரைந்ததில் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு வலிதான் வந்தது. பிறகு அது என் கை என்று முடிவு செய்து அதோடு விட்டுவிட்டார்கள். நான் கையைப் பார்த்தேன். பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்புள்ள சாதாரணக் கை.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் சீக்கிரம் புரிந்தது. கோடு தேயத் தேய சாமானும் இறங்கும். பதினைந்து நாளில் சோபா பதினான்கு அங்குலத்துக்கு வந்துவிடும், கட்டில் தலைமாட்டில் சாயும், சாப்பாட்டு மேஜையில் ரசம் ஒரு பக்கமாக வழியும். உடனே என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் மண்டியிட்டு, அதே கோட்டின் மேல் மறுபடி கோடு கிழித்துவிட்டு எழுந்து, அடுத்த வீட்டுக்குப் போவேன். ஒரு நாளைக்கு ஒன்பது வீடு, பத்து வீடு. முன்பெல்லாம் ஒரு வேலையை முடித்தால் அது முடிந்தது. இப்போது எதுவும் முடிவதில்லை. நான் இந்த ஊரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை முதுகில் தூக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். அதைச் சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆடிக் காற்றில் என் கடை போர்டு விழுந்து இரண்டாக உடைந்தது. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், பூஜை அறை என்று வரிசையாக எழுதியிருந்த போர்டு. புது போர்டு எழுதுகிறவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்து, "ஏனுங்ணா, என்னென்ன சேவைன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா முடிச்சுருவேன்" என்பார். நான் அடுத்த வெள்ளி என்பேன். ஒரு பேப்பரில் எழுதி வைத்துத்தான் இருந்தேன், எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டும் இருந்தேன். சாக்பீஸ் வேலை என்று போட்டால் அதில் எது எது?

அடுப்பு மேடையை அடித்துவிட்டேன். ஒரு வீட்டில் காற்றில் பால் பொங்குவதைப் பார்த்த பிறகு அதைச் செய்ய மனம் வரவில்லை. கல்யாண மண்டபத்தை அடித்தேன். ஒரு முறை பந்திக்கு நூறு நாற்காலி வரைந்து கொடுத்தேன், மூன்றாம் பந்தி முடியும் முன்பே மண்டபத்து ஆள் ஒரு பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்து, பெண்ணின் பெரியப்பா பாயசக் கிண்ணத்தோடு தரைக்கு வந்தார். தொட்டிலை அடித்தேன். சூரம்பட்டியில் ஒரு தாய் கேட்டு வரைந்து கொடுத்தேன், அவள் குழந்தையை அதில் கிடத்திவிட்டுச் சிரித்தாள், குழந்தையும் சிரித்தது, நான் மட்டும் குழந்தைக்கு அடியில் இரண்டு கையையும் நீட்டியபடி அரை மணி நேரம் நின்றேன். பிறகு குழந்தையை எடுக்கச் சொல்லி, என் கைக்குட்டையாலேயே கோட்டைத் துடைத்தேன். பெரியவர்களை உட்கார வைக்கலாம் என்றால் குழந்தையை ஏன் கிடத்தக் கூடாது என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

அர்த்தநாரி தினமும் ஒன்பது மணிக்கு வந்து பட்டறையைத் திறந்து, பெருக்கி, ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். வேலை இல்லை. இருந்தாலும் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கோட்டில் அவன் உட்கார்ந்தது கிடையாது. "எனக்கு நிக்கறது பழக்கமுங்க" என்று சொல்லிவிடுவான். ஆவணி பிறந்த வாரத்தில் டீ குடிக்கும்போது சொன்னான்:

"திருப்பூர்ல ஒரு கம்பெனிலீங்க, துணிய அடைச்சு கப்பல்ல அனுப்பறதுக்குப் பொட்டி அடிக்கோணுமாம். வரச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உங்க போர்டு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்னேன்." டீயை ஒரு மிடறு குடித்தான். "போர்டுல மர வேலைன்னு ஒரு வரி இருந்தா இருக்கறேன். இல்லாட்டி நீங்களே ஒரு சாக்பீஸ எடுத்து என்னையும் இங்க வரஞ்சு வெச்சுருங்க. சம்பளம் கேக்க மாட்டேன், சோறு கேக்க மாட்டேன், ரண்டு வாரத்துக்கு ஒருக்கா தொட்டு விட்டாப் போதும்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் என் மனைவி வசந்தாமணி முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி, "இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றாள். "மரத்தூள் இல்ல, சத்தம் இல்ல, சொன்ன தேதிக்கு வர்லைன்னு யாரும் திட்டறதில்ல. அர்த்தநாரி எங்க போனாலும் பொழச்சுக்குவாப்புடி." அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் நான் விற்றது மரத்தையா, இல்லை இது உன் இடம் என்கிற ஒரு கோட்டையா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கோட்டைத்தான் என்றால், மற்றதெல்லாம் எதற்கு இருந்தது?

அப்போதுதான் பாவாயம்மா வீட்டிலிருந்து கோகிலவாணி கூப்பிட்டாள். மூன்று அண்ணன் தம்பிகளும் அவர்கள் குடும்பமும் ஒன்றாக இருக்கிற வீடு. அவள் இரண்டாவது மருமகள். நான் போனபோது மாமியார் சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு ரூம் வேணுமுங்கண்ணா," என்றாள் கோகிலவாணி. "இந்த மூலைலயே, ஆறுக்கு எட்டு போதும். செவுரு, ஒரு கதவு, உள்ள தாப்பாள்."

"ரூமா? எதுக்கு?"

"எதுக்குமில்லீங்கண்ணா."

சுவரை நான் அதுவரை வரைந்ததில்லை. பாவாயம்மாவைப் பார்த்தேன். "போட்டுக் குடுங்க தம்பி, கோடுதானே," என்றார், அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆசப்படறா. வேண்டாம்னா அழிச்சுட்டாப் போச்சு."

நான்கு கோடு கிழித்தேன். பிளானில் வரைகிற மாதிரியே கதவுக்கு ஒரு இடைவெளி விட்டு, அது திறக்கிற பக்கம் ஒரு கால்வட்டம் போட்டேன். தாழ்ப்பாளுக்குச் சின்னதாக ஒரு கோடு. கோகிலவாணி கால்வட்டத்தைச் சுற்றி உள்ளே போனாள், கையால் எதையோ இழுத்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மூலையைப் பார்த்தால் கண் அங்கே நிற்காமல் ஜன்னலுக்கு வழுக்கிப் போனது. சத்தமும் இல்லை. பாவாயம்மா, "போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அவரைக்காயை எடுத்தார்.

பிறகு அது அந்த வீட்டின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கோகிலவாணி உள்ளே போவாள், நாலு மணிக்குப் பால் வரும்போது வெளியே வருவாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தையல் என்றாள் மூத்த மருமகள். போன் என்றான் கொழுந்தன். அழுகிறாள் என்று பாவாயம்மா நினைத்தார். அதனால் நாலு மணிக்கு அவள் கண்ணை உற்றுப் பார்ப்பார். கண் தூங்கி எழுந்தது போலத் தெளிவாக இருக்கும். அது அவருக்கு இன்னும் தொந்தரவாக இருந்தது என்று நினைக்கிறேன்.

புரட்டாசி இரண்டாம் வெள்ளி, மறுநாள் பெருமாளுக்குத் தளிகை போடுவதற்காக வீடு கழுவினார்கள். ஹாலைத் துடைப்பது எப்போதும் பாவாயம்மாதான், முட்டி வலித்தாலும் மாப்பை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். தன் சோபாவின் கோட்டை ஒரு விரற்கடை தள்ளிச் சுற்றித் துடைத்தார். மூலைக்கு வந்தபோது அப்படியே நேராகத் துடைத்துக்கொண்டு போனார். வேண்டுமென்று செய்தாரா என்று பின்னால் நானே அவரிடம் கேட்டேன். "அம்பது வருசமா தொடைக்கற தரை தம்பி. அங்க செவுரு இருக்குதுன்னு கைக்குத் தெரியலயே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் கை சோபாவை மறக்கவில்லை என்பதை அவரும் நானும் அறிவோம்.

சுவர் போனது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கோகிலவாணி மல்லாக்க ஈரத்தில் விழுந்தாள். ஹாலில் மாமியார், மூத்த மருமகள், கொழுந்தன், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் எல்லோரும் நின்றார்கள். அவள் பக்கத்தில் தையல் இல்லை, போன் இல்லை, அழுத கண்ணும் இல்லை. முடியை அவிழ்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அடக் கெரகமே!" என்றார் பாவாயம்மா. "உள்ள என்னமோ பண்றான்னு பாத்தா, சும்மாவா உக்காந்திருந்தே?"

சிலிண்டர்காரர் சிரித்துவிட்டார். அதுவரை பொறுத்தவள் அந்தச் சிரிப்பில் எழுந்தாள்.

நேராக என் கடைக்குத்தான் வந்தாள். சேலையின் பின்பக்கம் ஈரம், அதில் சாக்பீஸ் கரைந்த வெள்ளை. அர்த்தநாரி எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்தான். அவள் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மறுபடி வரஞ்சு தர்றேன் அம்மிணி," என்றேன். "இப்பவே வர்றேன். எங்க அழிஞ்சுதோ அங்கெல்லாம்..."

"வேண்டாமுங்கண்ணா. மரத்துல போட்டுக் குடுங்க."

"மரம்னா நாளாகும். வீடெல்லாம் தூளாகும். உங்க மாமியாரு ஒத்துக்க மாட்டாங்க."

"கோடுன்னதும் ஒத்துக்கிட்டாங்கல்லங்க, அது ஏன்?" என்று கேட்டாள். "ஈரத்துணி இருந்தா யாரு வேணும்னாலும் தொறந்தரலாம். தொறந்தமுன்னு அவங்களுக்கே தெரியாது. மரம்னா சுத்தியலாவது எடுத்துக்கிட்டு வரோணும். கையில சுத்தியல எடுக்கறப்பவாவது என்ன பண்றமுன்னு ஒருக்கா நெனைப்பாங்க."

அர்த்தநாரி டேப்பை வெளியே இழுத்து, உள்ளே விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. போர்டு எழுதுகிறவர் போன் வந்தது. மேஜையில் இருந்த பேப்பரை எடுத்து, அடிக்காமல் விட்டிருந்த சோபா, கட்டில், மேஜை எல்லாவற்றையும் அடித்தேன். ஊரில் என் கோட்டின் மேல் தூங்குகிறவர்களை நினைத்தேன், அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமலேயே, "மர வேலைன்னு மட்டும் எழுதுங்க," என்றேன் போனில்.

"அவ்வளவுதானுங்களா? எடம் நெறைய மிச்சமாகுதுங்ணா."

"பெருசா எழுதுங்க."

சாயங்காலம் பாவாயம்மா வீட்டுக்குப் போனேன். மருமகளுக்குக் கோடே போதும், இன்றைக்கே மறுபடி போட்டுவிடுங்கள் என்றார் அவர்; அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். "சாக்பீஸ் வேலை இப்பச் செய்யறதில்லீங்கம்மா" என்றேன்.

"அப்ப நா உக்கார்ற சோபா?"

"அதுந்தானுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. போய் வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் ஊர் இறங்கியது. யாரும் விழவில்லை. தொடப்படாத கோடுகள் தேய்ந்து, தேய்ந்து, சோபாக்கள் பன்னிரண்டு அங்குலம், ஒன்பது அங்குலம் என்று வந்தன, படுத்திருந்தவர்கள் ஒவ்வொரு காலையிலும் ஃபேனை இன்னும் கொஞ்சம் தூரத்தில் பார்த்தார்கள், மழை பிடித்துத் தரை வேர்த்த நாட்களில் ஒரே நாளில் இரண்டு அங்குலம் இறங்கியது. என்னைத் திட்டினார்கள். கை போய்விட்டது என்றார்கள், தலைக்கனம் என்றார்கள், ஒருவர் கடை வாசலில் மண்டியிட்டுக் கும்பிடவே செய்தார், அவரைத் தூக்கிவிடப் போய் என் முட்டியில் ஏதோ சடக்கென்றது. சிலர் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார்கள். சிலர் அர்த்தநாரியிடம் வந்தார்கள், அவன் எல்லோரிடமும் இரண்டு மாதம் ஆகும் என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்குச் சந்தோஷம் இல்லை. ஒரு ஊரைக் கொஞ்ச நாள் மிதக்க விட்டுவிட்டுக் கீழே இறக்க எனக்கு என்ன உரிமை என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

பாவாயம்மா தினமும் போன் செய்தார். வணக்கம் கிடையாது, பேர் கிடையாது. "எட்டு அங்குலம்" என்பார், வைத்துவிடுவார். மறுநாள், "ஏழரை." ஒரு நாள், "நாலு. கால் மடங்க மாட்டேங்குது தம்பி, பாத்துக்குங்க." நான் மரத்தில் செய்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிடுவார்.

கார்த்திகை முதல் வாரத்தில் சோபா தரையைத் தொட்டது. அன்றைக்கு மத்தியானம் வீட்டில் மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். உட்கார்ந்த பாவாயம்மாவால் எழ முடியவில்லை. கோகிலவாணிதான் சமையலறையிலிருந்து வந்து, கக்கத்தில் கைகொடுத்து, இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை தூக்கி நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் போனில், "ரண்டையும் போட்டுருங்க" என்றார் பாவாயம்மா. "சோபாவும், அவ ரூமும். ஆனா மொதல்ல சோபா."

"மொதல்ல ரூமுங்கம்மா," என்றேன்.

இந்த முறை போனை வைக்கவில்லை. "சரி, போடுங்க," என்றார்.

வழக்கப்படி முந்தின நாள் போய்த் தரையில் அளவு வரைந்தேன். ஆறுக்கு எட்டு, கதவுக்கு இடைவெளி, கால்வட்டம். கோகிலவாணி அதன் உள்ளே போய் நின்றாள். எல்லோருக்கும் அவள் தெரிந்தாள். என் கையை நான் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தமாகவும், கொஞ்சம் தூக்கம் வருவது போலவும் இருந்தது.

பிறகு பதினொரு நாள் அர்த்தநாரி அந்த வீட்டைத் தூளாக்கினான். டிரில் சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்று கொழுந்தன் கத்தினான், குழம்பில் மரத்தூள் என்று மூத்த மருமகள் கத்தினாள், "மரம் உடம்புக்கு நல்லதுங்க" என்றான் அர்த்தநாரி. கதவு மாட்டிய அன்று, கீல் சரியாக இருக்கிறதா என்று ஐந்து முறை திறந்து மூடினான். தாழ்ப்பாளைத் தேய்த்து வழவழப்பாக்கினான். கோகிலவாணி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து, எங்களைத் தாண்டி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கோட்டில் இருந்ததில்லை.

அர்த்தநாரி கதவு மாட்டி முடித்த பிறகே வேனிலிருந்து இறக்கி ஹாலில் போட்டிருந்த புது சோபாவைப் பார்த்தான், யாரும் உட்காரச் சொல்லாமலே போய் அதில் உட்கார்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டான்.

நாலு மணிக்குப் பால் வந்தது. கோகிலவாணி வரவில்லை. பாவாயம்மா பால் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றார். ஐம்பது வருடமாக இருக்கிற தன் வீட்டில் மூடிய கதவுக்கு முன்னால் அவர் இதற்கு முன் நின்றிருக்க வாய்ப்பில்லை. கையைத் தூக்கினார், இறக்கினார், எவ்வளவு சத்தமாகத் தட்ட வேண்டும் என்று கேட்பது போல எங்களைத் திரும்பிப் பார்த்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை மடக்கி, இரண்டு முறை தட்டினார்.

உள்ளேயிருந்து, "யாருங்க?" என்று குரல் வந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பாவாயி," என்றார்.